தண்டவாளம் ஏறிய வண்டவாளம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் தவறாமல் வந்து சேரும் செய்தி ஒன்று உண்டு. ரோமானியர்களின் ரதத்தை இரண்டு குதிரைகள் இழுத்தனவாம். இரண்டு குதிரைகளின் பின்பக்கம் சேர்ந்து எவ்வளவு அகலமோ அதுவே ரதத்தின் அகலம், அதுவே வண்டித்தடத்தின் அகலம், அதுவே ரயில் பாதையின் அகலம். ஆகவே அமெரிக்க விண்கலத்தின் ராக்கெட் அகலத்தைத் தீர்மானித்ததும் குதிரையின் பிருஷ்டமே. அனுப்புகிறவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற இன்ஜினீயராக இருப்பார். கீழே இரண்டு கைகூப்பும் படம் இருக்கும்.

உண்மை இதைவிட மோசம். ரோமானியனையும் குதிரையையும் விடுங்கள், பாவம். தண்டவாளத்தின் அகலத்தை ஆராய்ந்தவர்களில் ஒரு வானியல் அறிஞர், ஒரு கணிதப் பேராசிரியர், ஒரு ராணுவ இன்ஜினீயர், சில பிரபுக்கள், ஒரு வைஸ்ராய் எல்லாரும் இருக்கிறார்கள். ஆராய்ந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்பதுதான் கதை.

முதலில் ஆராயாதவரிலிருந்து தொடங்குவோம். ஜார்ஜ் ஸ்டீவன்சன். பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். வட இங்கிலாந்தில் கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அங்கே குதிரை இழுத்த கரிவண்டிகள் ஏற்கெனவே ஏறத்தாழ 4 அடி 8 அங்குல அகலத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இருக்கிற பாதையில் இருக்கிற வண்டியை நீராவி இன்ஜின் இழுத்தால் போதும் என்று அதே அகலத்தை வைத்துக்கொண்டார். பிறகு லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை போட்டபோது வளைவுகளில் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்தது. என்ன செய்தார்? நம் தெரு டெய்லர் செய்வதைத்தான். “பிடிக்குதா சார்? அரை இஞ்ச் லூஸ் விட்டுர்றேன்.” உலகத்தின் பெரும்பாலான ரயில்கள் இன்று ஓடும் 4 அடி 8½ அங்குலம் பிறந்த வரலாறு இவ்வளவுதான். அந்த அரை அங்குலத்துக்குப் பின்னால் கமிட்டி கிடையாது, அறிக்கை கிடையாது, முன்னுரை எழுதிய அமைச்சர்கூடக் கிடையாது.

இப்படி ஒரு விஷயம் சுளுவாக முடிந்துவிட்டால் படித்தவர்களுக்குத் தூக்கம் வருமா? 1833-ல் லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ரயில் போட கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி இசம்பார்ட் கிங்டம் புரூனெல் என்பவரை அமர்த்தியது. வயது 27. குள்ளமான உருவம், உயரமான தொப்பி, வாயில் எந்நேரமும் சுருட்டு. கரிவண்டி அகலத்தில் மனிதர்களை ஏற்றிப் போவதா என்று கேட்டார் புரூனெல். நியாயமான கேள்வி. சக்கரங்கள் பெரிதாக இருக்கட்டும், பெட்டி அவற்றுக்கு நடுவே தாழ்வாக உட்காரட்டும், வண்டி ஆடாமல் பறக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டார். விடை 7 அடி. அதற்கு முந்தைய ரயில் சட்டங்களில் அகலம் எழுதப்பட்டிருக்கும். அந்த வரியைத் தன் கம்பெனியின் சட்டத்திலிருந்து எடுக்கவைத்துவிட்டு, ஏழடியில் பாதை போட்டார். 1838-ல் முதல் பகுதி திறந்தது. பெட்டிகளைச் சக்கரங்களுக்கு நடுவே உட்காரவைப்பதாகச் சொன்னவர் கடைசியில் சக்கரங்களுக்கு மேலேயே உட்காரவைத்தார் என்பது வேறு விஷயம். ஆனாலும் வண்டி பறந்தது. அப்புறம் அவருக்கும் சக்கரம் கொஞ்சம் பிடிக்க, அவரும் கால் அங்குலம் லூஸ் விட்டார். 7 அடி ¼ அங்குலம். மேதையானாலும் கரிச்சுரங்கக்காரரானாலும் கடைசியில் டெய்லர் வேலைதான்.

இந்த மனிதரைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் நகர முடியாது. 1843-ல் குழந்தைகளுக்கு வித்தை காட்டுகிறேன் என்று வாயில் போட்ட அரை சவரன் தங்க நாணயம் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. நம் கணக்கில் அரைப் பவுன். நம் பெண்கள் கழுத்துக்கு வெளியே போட்டுக்கொள்வதை மனுஷன் கழுத்துக்கு உள்ளே போட்டுக்கொண்டார். வைத்தியர்கள் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் அவரே ஒரு பலகை வடிவமைத்து, அதில் தன்னைக் கட்டச் சொல்லி, தலைகீழாகத் திருப்பி உலுக்கச் சொன்னார். ஆறு வாரம் போல இழுத்தடித்து மே மாதத்தில் காசு வந்து விழுந்தது. அவர் போட்ட கணக்குகளில் எதிராளிகளும் ஒப்புக்கொண்ட கணக்கு இது ஒன்றுதான்.

எதிராளிகளில் முதன்மையானவர் டாக்டர் டயோனிசியஸ் லார்ட்னர். லண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் இயற்பியல், வானியல் பேராசிரியர். நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர். ரயில் பற்றி நாடாளுமன்றக் குழுவுக்கு ஒரு சந்தேகம் வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரும் வருவார். இன்றைய டிவி விவாதங்களில் எல்லா விஷயத்துக்கும் வந்து உட்காருகிறாரே ஒருவர், அவருக்கு முப்பாட்டன்.

புரூனெல் பாதையில் பாக்ஸ் என்ற இடத்தில் மலையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு மைல் சுரங்கம். உள்ளே நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு. பேராசிரியர் கணக்குப் போட்டார்: இந்தச் சரிவில் பிரேக் பிடிக்காமல் விட்டால் வண்டி மறுபக்கம் மணிக்கு 120 மைல் வேகத்தில் வெளியே வரும்! கேட்ட கனவான்களுக்குக் குலை நடுங்கியது. புரூனெல் எழுந்து, பேராசிரியர் உராய்வையும் காற்றின் தடையையும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார், சேர்த்தால் 56 மைல்தான் வரும் என்றார். காற்றை மறந்த இயற்பியல் பேராசிரியர், உப்பை மறந்த சமையல்காரர் மாதிரி.

லார்ட்னர் பாடம் கற்றுக்கொண்டார். ரொம்பவே கற்றுக்கொண்டார். 1838-ல் கம்பெனியின் பங்குதாரர்களுக்கே புரூனெல் மேல் சந்தேகம் வந்து, ஆய்வுக்கு ஏற்பாடு செய்தார்கள், சோதனை ஓட்டங்களுக்கு இவர் வந்து சேர்ந்தார். ‘நார்த் ஸ்டார்’ என்ற இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். வேகம் கூடக்கூட அது இழுக்கும் பாரம் பரிதாபமாகக் குறைந்தது. காரணம்? காற்று! காற்றுத் தடைதான் எல்லாவற்றையும் தின்கிறது, இந்த அகலத்தில் வேகம் போக நினைப்பதே வீண் என்று அறிக்கை கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாதவருக்கு இப்போது காற்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. புரூனெலும் அவருடைய இன்ஜின் பொறுப்பாளர் டேனியல் கூச் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனும் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். புகைபோக்கிக்குள் நீராவியை வெளியேற்றும் குழாய் சரியில்லை. சரிசெய்து, இயக்குநர்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினார்கள். அதே இன்ஜின் முன்னைவிடக் கூடுதல் பாரத்தோடு பறந்தது, கரியும் குறைவாகவே தின்றது. பேராசிரியரின் வண்டவாளம் அன்றைக்கு நிஜமாகவே தண்டவாளத்தில் ஏறியது.

அதன் பிறகு 1840-ல் லார்ட்னர் ஒரு குதிரைப்படைக் கேப்டனின் மனைவியோடு ஊரைவிட்டு ஓடினார். கேப்டன் வழக்குப் போட்டு 8,000 பவுன் நஷ்டஈடு வாங்கினார். பேராசிரியர் அமெரிக்கா போய், அறிவியல் சொற்பொழிவு நிகழ்த்தி, அதைவிடப் பல மடங்கு சம்பாதித்தார். நிபுணர்கள் என்றைக்கும் கெட்டுப்போவதில்லை.

சரி, அகலத்துக்கு வருவோம். ஏழடி மேற்கிலிருந்து வளர்ந்தது, நாலடிச் சொச்சம் வடக்கிலிருந்து வளர்ந்தது. 1844-ல் இரண்டும் குளோஸ்டர் என்ற ஊரில் முட்டிக்கொண்டன. ஒரு வண்டி போகிற பாதையில் இன்னொன்று போக முடியாது. பர்மிங்ஹாமிலிருந்து பிரிஸ்டல் போகிற ஆள் நடுவழியில் மூட்டைமுடிச்சோடு இறங்கி எதிர்வண்டியில் ஏற வேண்டும். சரக்குகளின் கதியைச் சொல்லவே வேண்டாம். நாற்காலி, பாலாடைக்கட்டி, செங்கல் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் போட வேண்டும். உடைந்தது உடைந்ததுதான், தொலைந்தது தொலைந்ததுதான். இந்தக் கூத்தை நேரில் பார்க்க நாடாளுமன்றக் குழு வந்தது. அன்றைக்குப் பார்த்து ஸ்டேஷன் அமைதியாக இருந்துவிடப்போகிறதே என்று கவலைப்பட்ட சரக்கு அதிகாரி ஒருவர், ஏற்கெனவே மாற்றி முடித்த இரண்டு வண்டிகளின் சரக்கையும் மறுபடி இறக்கிப் போடச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. வந்தவர்கள் கூச்சலைப் பார்த்து அரண்டு போனார்களாம். அமைச்சர் வருகிறார் என்றால் சாலைக்கு வெள்ளையடிப்பது நம் ஊர் வழக்கம். அங்கே குப்பையைக் கொட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

1845-ல் பாதை அகலத்தை விசாரிக்க கேஜ் கமிஷன் அமைந்தது. (நம் ஊரில் கமிஷன் என்றால் வேறு பொருளும் உண்டு. இவர்கள் நிஜமாகவே விசாரித்தவர்கள்.) ரயில் கம்பெனி எதிலும் சம்பந்தம் இல்லாத மூன்று பேர்: ராணுவ இன்ஜினீயர் ஸர் ஃபிரெடெரிக் ஸ்மித், கணிதப் பேராசிரியர் பீட்டர் பார்லோ, அரசு வானியல் அறிஞர் ஜார்ஜ் ஏரி. நல்ல காரியத்துக்கு முன் நட்சத்திரம் பார்க்கிறவரைக் கூப்பிடும் வழக்கம் நமக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். ஏரிக்கு இதில் கொஞ்சம் நஷ்டம். அந்த அக்டோபரில் ஜான் கோச் ஆடம்ஸ் என்ற இளைஞர், வானத்தில் இன்னொரு கிரகம் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்ட தாளை அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். மனுஷனுக்கு அது பெரிதாகப் படவில்லை. மறுவருஷம் பெர்லினில் நெப்டியூனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலடியா ஏழடியா என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கிரகமே கைநழுவியது.

கமிஷன் ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்டது. சாட்சிகளில் பெரும்பாலோர் குறுகிய கேஜ்காரர்கள். புரூனெல் பொறுமை இழந்து, பேச்சு எதற்கு, ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். ஓட்டினார்கள். ஏழடிப் பாதையில் கூச்சின் ‘இக்சியான்’, 80 டன் வரை இழுத்துக்கொண்டு லண்டனுக்கும் டிட்காட்டுக்கும் இடையே போய்ப் போய் வந்தது. மணிக்கு 60 மைலைத் தொட்டது. குறுகிய கேஜ்காரர்கள் வடக்கே யார்க் பக்கம் போய், தங்களுக்குத் தோதான பாதையில் ஓட்டினார்கள். முன்கூட்டியே சூடாக்கிய தண்ணீர், ஓடிவந்து தாண்டும் தொடக்கம் என்று சில கைவேலைகளும் செய்தார்கள் என்பது எதிர்த் தரப்பின் புகார். அப்படியும் 53 மைல் அளவில் நின்றுவிட்டது. அவர்களுடைய இன்னொரு இன்ஜின் பாதி வழியில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தேவிட்டது. அதன் பெயர் ‘ஸ்டீவன்சன்’. நான் கட்டவில்லை, நிஜம்.

ஆக, வேகத்தில் வென்றது ஏழடி. இழுவையில் வென்றது ஏழடி. கவிழாமல் நின்றது ஏழடி. கமிஷனும் அதை ஒப்புக்கொண்டது. பிறகு தீர்ப்பு எழுதியது: நாட்டில் குறுகிய பாதை 1,901 மைல், அகலப் பாதை 274 மைல். ஆகவே குறுகியதே இருக்கட்டும்.

சிரிக்கலாம். ஆனால் தீர்ப்பு சரிதான். 274 மைலைப் பெயர்ப்பது 1,901 மைலைப் பெயர்ப்பதைவிட மலிவு என்று சொல்ல வானியல் அறிஞர் தேவையில்லை, மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை போதும். தப்பு எங்கே என்றால், முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, பிள்ளைக்குட்டியும் ஆன பிறகு பெண் பார்க்கப் போனார்களே, அங்கே. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இந்தப் பெண்ணைவிட அந்தப் பெண்தான் அழகு என்று குறிப்பெழுதி, இருந்தாலும் கட்டியவளோடே வாழ்க என்று ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்தார்கள்.

1846-ல் சட்டம் வந்தது. புரூனெலின் கம்பெனி அதில் இருந்த ஓட்டைகள் வழியாக இன்னும் பல வருஷம் ஏழடியிலேயே ஓட்டியது. புரூனெலும் லார்ட்னரும் ஒரே வருஷம், 1859-ல், போய்ச் சேர்ந்தார்கள். ஏழடிக்கு 1892 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள், மேற்குக் கோடியில் 171 மைல் பாதையை ஒரே வார இறுதியில் நெருக்கிப் போட்டார்கள். குடிக்க அவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது ஓட்ஸ் கஞ்சி. திங்கட்கிழமை வண்டி ஓடியது. ஐம்பது வருஷச் சண்டையைக் கஞ்சி குடித்தவர்கள் இரண்டு நாளில் முடித்துவைத்தார்கள்.

அயர்லாந்தில் நடந்தது தனி ரகம். அங்கே மூன்று கம்பெனி, மூன்று அகலம்: 4 அடி 8½ அங்குலம், 5 அடி 2 அங்குலம், 6 அடி 2 அங்குலம். பஞ்சாயத்துக்கு வந்த மேஜர் ஜெனரல் பாஸ்லி பல இன்ஜினீயர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன எண்களுக்கு நடுவே 5 அடி 3 அங்குலம் என்று பிடித்தார். அண்ணன் காலுக்கு ஆறு, தம்பி காலுக்குப் பத்து, ஆகவே இரண்டு பேருக்கும் எட்டாம் நம்பர் செருப்பு! மூன்றில் எதற்கும் பொருந்தாத அகலம் அந்த நாட்டின் சட்டமானது. அது கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் போனது. ஓர் ஐரிஷ் இன்ஜினீயர் சொன்னபடி நியூ சவுத் வேல்ஸ் 5 அடி 3 அங்குலத்தை ஏற்றது, விக்டோரியாவும் சம்மதித்து வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதற்குள் ஐரிஷ்காரர் சம்பளத் தகராறில் போய்விட, அடுத்து வந்த ஸ்காட்லாந்துக்காரர் 4 அடி 8½-க்கு மாற்றிவிட்டார். எல்லையில் ஆல்பரி என்ற ஊரில் 1962 வரை சிட்னி–மெல்போர்ன் பயணிகள் வண்டி மாறினார்கள். 1895-ல் அந்த வழியாகப் போன மார்க் ட்வெய்னையும் தூக்கத்தில் எழுப்பி இறக்கினார்கள். அவர் திட்டித் தீர்த்துவிட்டார்.

இந்தியாவுக்கு வருவோம். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு ஆள் தெளிவு. கேஜ் சண்டை உச்சத்தில் இருந்தபோது லண்டனில் வர்த்தக வாரியத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர். இங்கிலாந்து செய்த தப்பை இந்தியா செய்யக் கூடாது, நாடு முழுக்க ஒரே அகலம் என்றார். எவ்வளவு அகலம்? அவர் கேட்டது 6 அடி. லண்டன் நினைத்தது 4 அடி 8½. ஆலோசனை இன்ஜினீயர் சிம்ஸ் சொன்னது 5 அடி 6. பூக்காரியிடம் பேரம் பேசுவதுபோல் ஏறி இறங்கி 5 அடி 6 அங்குலத்தில் படிந்தது. இன்று நாம் அகலப்பாதை என்பது அதைத்தான். நல்ல முடிவு. இருபது வருஷம் நிலைத்தது.

1869-ல் மேயோ பிரபு வைஸ்ராயாக வந்தார். கஜானாவைத் திறந்து பார்த்தார். ரயில் கம்பெனிகளுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 5 சதவீத வட்டி தருவதாகச் சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருந்தது. அந்த வட்டி கஜானாவைக் கரையான்போல அரித்துக்கொண்டிருந்தது. சிக்கனமாகப் போட என்ன வழி? ஒரு கமிட்டி. மூன்று பேர் 2 அடி 9 அங்குலம் போதும் என்றார்கள். ஜான் ஃபௌலர் மட்டும் 3 அடி 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றார். மேயோ இரண்டுக்கும் நடுவே 3 அடி 3 அங்குலம் என்றார். மறுபடியும் எட்டாம் நம்பர் செருப்பு. அந்த நேரம் பார்த்து, இந்தியாவில் மீட்டர் அளவையைக் கொண்டுவரப்போகிறோம் என்று ஒரு பேச்சு, ஒரு சட்டம். அப்படியானால் இன்னும் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே சேர்த்தால் சரியாக ஒரு மீட்டர் ஆகிவிடுமே! ஆக்கினார்கள். மீட்டர் கேஜ் பிறந்தது. சட்டம் அமலுக்கு வரவேயில்லை. கடையில் மீட்டர் கணக்கில் துணி கிழிக்க 1956-ல் சுதந்திர இந்தியா வேறொரு சட்டம் போட வேண்டியிருந்தது. ஏறத்தாழ தொண்ணூறு வருஷம் இந்த நாட்டில் ஜனங்கள் கெஜத்தில் துணி வாங்கி, அங்குலத்தில் தைத்து, ஒரு மீட்டர் அகலத்தில் பயணம் செய்தார்கள். முதல் மீட்டர் கேஜ் வண்டி டெல்லிக்கும் ரேவாரிக்கும் இடையே 1873-ல் ஓடியது. அதைப் பார்க்க மேயோ இல்லை. முந்தைய வருஷம் அந்தமானில் கொலையுண்டார்.

இதில் நாகப்பட்டினம் செய்த பாவம் என்ன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 1861-ல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கும் மறுவருஷம் திருச்சிக்கும் கிரேட் சதர்ன் கம்பெனி அகலப்பாதை போட்டது. டல்ஹௌசி காலத்தில் படிந்த அதே 5 அடி 6. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1870-களில் கம்பெனி சவுத் இந்தியன் ரயில்வே ஆனது, மீட்டர் கேஜ் ஜுரமும் வந்தது. ஓடிக்கொண்டிருந்த அகலப்பாதையைப் பெயர்த்து, நெருக்கி, மீட்டர் கேஜாக்கினார்கள். பெரிய வீட்டை இடித்துச் சின்ன வீடு கட்டிய சிக்கனம். நூறு வருஷத்துக்கும் மேலே அப்படியே ஓடிற்று. 1992-ல் எல்லாம் ஒரே கேஜ் என்று திட்டம் வர, அதே பாதையைப் பெயர்த்து, அகட்டி, மறுபடி 5 அடி 6 ஆக்கினார்கள். திறப்பு விழாவில் மாலை மரியாதையெல்லாம் உண்டு. 1861-ல் இருந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று மேடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இடைப்பட்ட காலத்தில் சென்னைவாசிகள் தினமும் குளோஸ்டர் நாடகம் நடத்தினார்கள். மதுரையிலிருந்து டெல்லி போகிறவர் எழும்பூரில் மீட்டர் கேஜில் வந்து இறங்குவார். தலையில் டிரங்குப் பெட்டி, கையில் கூஜா, இடுப்பில் குழந்தை. ரிக்‌ஷாக்காரரோடு பேரம் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, சென்ட்ரலுக்குப் போய் அகலப்பாதை வண்டியைப் பிடிப்பார். இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையே நடந்தே போகிற தூரம்தான். மேயோவும் டல்ஹௌசியும் ஒத்துப்போகாததற்கு ரிக்‌ஷாக் கூலி நாம் கொடுத்தோம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில்கூட 2004 வரை மீட்டர் கேஜில்தான் ஓடியது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் இன்றும் அப்படித்தான்.

கிட்டத்தட்ட எல்லாம் ஒரே கேஜ் ஆகிவிட்டது, அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில் மெட்ரோ வந்தது. அதற்கு என்ன அகலம்? டெல்லியில் இதற்கு ஒரு தனிச் சண்டை நடந்து, முதல் சில பாதைகள் 5 அடி 6-லும், பிறகு வந்தவற்றில் பல வேறு அகலத்திலும் அமைந்தன. சென்னை மெட்ரோ அந்த வேறு அகலத்தையே எடுத்துக்கொண்டது. அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கினால் கவனியுங்கள். மேலே ஓடுவது டல்ஹௌசியின் 5 அடி 6. படியிறங்கிப் போனால் கீழே ஓடுவது கில்லிங்வொர்த் கரிவண்டியின் 4 அடி 8, டெய்லர் விட்ட அரை அங்குலம் தனி.